மிளகு ஏணியும் என் முழங்காலும்

ஒண்டிக்கடை, ஏற்காடு
மாசி 9

மரியாதைக்குரிய சம்பந்தி சின்னசாமி அவர்களுக்கு, ராஜேந்திரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானொருவன் நீங்கலாக எல்லோரும் சுகம். வெள்ளக்கடையில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மகன் முருகனும் சுகமாயிருக்கச் சேர்வராயரை வேண்டுகிறேன். போனில் என் பெயரைப் பார்த்தால் தாங்கள் எடுப்பதில்லை என்பதால் தாளில் எழுதுகிறேன்.

பேத்திக்குப் பேர் வைத்த அன்று, பந்தியில் தாங்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "ஏணியில சும்மா நின்னவருக்கு முழங்கால் எதுக்குங்க வலிக்குது?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக முப்பது வருடம் குடையோடு கீழே நின்று, மிளகு பறித்த தங்களை விரட்டிய வாய், சும்மா இருக்குமா. தாங்கள் பாயசம் வருமுன்பே கை கழுவிப் போனீர்கள். எட்டு மாதமாகிறது. தங்கள் மகள் கவிதா அன்றிலிருந்து என்னிடம் "சாப்பாடு எடுத்து வெச்சிருக்குதுங்க" என்பதைத் தவிர வேறு பேசுவதில்லை.

இந்த வருடம் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஆறு சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடியிலும் மிளகு பழுத்துவிட்டது, பறிக்க ஆள் கிடைக்கவில்லை, சும்மா நிற்கிற வேலைதானே என்று ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் கோணிப்பையைக் கட்டிக்கொண்டு உச்சிக்கே ஏறிவிட்டேன்; அந்த ஏணிக்குக் கணுவில் வெட்டாமல் விட்ட குச்சிதான் படி, அதில் கால்விரல் இரண்டுக்குத்தான் இடம், மிச்சப் பாதம் அந்தரத்தில், உள்ளங்கால் இழுத்துப் பிடிக்கிறது, கெண்டைக்கால் தையல் மெஷினாக ஆடுகிறது, ஏறுவதாவது பரவாயில்லை, நிற்பதுதான் உயிர் போகிறது, ஒரு கை மரத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, இன்னொரு கை ஏணியை விடமாட்டேன் என்கிறது, மிளகு பறிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவேன், அந்த நேரம் பார்த்துச் செவ்வெறும்பு சட்டைக்குள் குடியேறியது. கீழே ஏணியைப் பிடித்திருந்த கவிதா, "ஏனுங்க மாமா, மேலயே தூங்கிட்டீங்களா?" என்றாள். நான் தங்களைப் பார்த்துத் தினமும் கத்திய அதே வார்த்தை. வீட்டில் சொல்லியிருக்கிறீர்கள் போல. எறும்புக் கடியைவிட அதுதான் சுருக்கென்றது.

கடைசியில் பக்கத்து வீட்டு ஆசிர் வந்து என்னை இறக்கினான். மூன்று நாளாகக் காபி டம்ளரைத் தூக்கினால் பாதி வேட்டியில் கொட்டுகிறது. குனிய முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. தங்களைச் சும்மா நின்றவர் என்றது பெரிய தப்பு சம்பந்தி.

பங்குனியில் பேத்திக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காராத பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? முருகனை அழைத்துக்கொண்டு தாங்கள் அவசியம் வர வேண்டும். அவனுக்கு என் ஆசிகள், சம்பந்தியம்மாளுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
ராஜேந்திரன்

பி.கு.: இதைச் சேர்க்காவிட்டால் கடிதத்தைத் தபாலில் போட மாட்டேன் என்று கவிதா பக்கத்தில் நிற்கிறாள். உச்சிக்கு ஏறினேன் என்றது பொய். நான் ஏறியது நாலு படி. ஆசிர் ஏணியைத் தொடவே இல்லை, தரையில் நின்றபடியே என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கி இறக்கினான். ஒரு மணி மிளகுகூட நான் பறிக்கவில்லை. அதைக் குருவி தின்னட்டும், அதைப் பறிக்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். நாலு படிக்கே என் உடம்பு இந்தப் பாடு என்றால், முப்பது வருடம் தங்கள் உடம்பு என்ன பட்டிருக்கும் என்று நினைக்கையில் மன்னிப்புக் கேட்கவே கூச்சமாயிருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.