பின் நம்பர் சரியாக இருந்தபடியால்

கோவில்பட்டி,
கார்த்திகை 10.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மணிகண்டபிரபு அவர்களுக்கு,

மாமன் சாமித்துரை எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை அழகுத்தாயும், பணம் போனது தவிர, சுகமாக இருக்கிறோம். சென்னையில் தாங்களும் என் மகள் செல்வமாரியும் சுகமாக இருக்கவும், தாங்கள் வேலை பார்க்கும் வங்கி இன்னும் நாலு மாடி உயரவும் செண்பகவல்லி அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை இருக்கிற வங்கி என்றுதான் மில்லில் கணக்கு முடித்துத் தந்த பணத்தைத் தங்கள் வங்கியில் போட்டேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாஸ்புத்தகத்தில் வரவு பதிய நம்ம ஊர்க் கிளைக்குப் போனேன். பதிகிற மெஷின் ரிப்பேர். எப்போது சரியாகும் என்று கேட்க நின்றபோது சட்டைப்பையில் போன் கத்தியது. வடக்கே வாயில் நுழையாத ஏதோ ஓர் ஊரில் நான் பத்தாயிரம் ரூபாய் எடுத்துவிட்டேனாம். கார்டு என் பையில் இருக்கிறது, நான் கிளைக்குள் நிற்கிறேன். "யம்மா, ஏம் பணம் போவுது, நிப்பாட்டுங்க!" என்று கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் கத்தினேன். அது நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "டோக்கன் எடுத்தீங்களா?" என்றது. எடுத்தேன். நாற்பத்தேழு. ஓடிக்கொண்டிருந்தது முப்பத்தொன்று. முப்பத்திரண்டைக் கூப்பிடும்போது இன்னொரு பத்தாயிரம், முப்பத்தைந்துக்கு இன்னொன்று. கார்டின் பின்னால் இருந்த நம்பருக்கு அடித்தால், தமிழுக்கு மூன்றை அழுத்து, திருட்டுக்கு ஐந்தை அழுத்து என்று அழுத்தச் சொல்லிக் கடைசியில் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிவதற்குள் நாலாவது பத்தாயிரமும் போய்விட்டது. அத்தையின் முழங்கால் ஆபரேஷனுக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கட்ட வைத்திருந்த நாற்பதாயிரம், மாப்பிள்ளை. நான் வரிசையில் நிற்க நிற்கப் போனது.

மேனேஜர் நவநீதகிருஷ்ணன் நல்ல மனுஷன். நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் கேட்டார்.

"பின் நம்பரை யாருகிட்ட சொன்னீய அண்ணாச்சி?"

"ஏம் பொண்டாட்டிக்கே தெரியாது சார்."

"கடைசியா எங்கன பணம் எடுத்தீய?"

"பஸ் ஸ்டாண்டுல, உங்க மெஷின்லதான். கார்டு சொருவுற வாய் லொடலொடன்னு ஆடிச்சு. கையால புடிச்சுக்கிட்டு எடுத்தேன்."

"ஆடுனா சொல்லணும்லா?"

"யாருகிட்ட சொல்ல? அங்கன காவலுக்கு ஆளே கிடையாதே!"

அது திருடன் மாட்டிய பொய் வாயாம். கார்டை அது நகல் எடுத்துக்கொண்டதாம். மேலே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கேமரா வைத்து என் விரல் போன இடத்தையும் பார்த்தானாம். இதையெல்லாம் எனக்கு விளக்கியதே மேனேஜர்தான். "அப்ப அவன் மாட்டுனது உங்க கேமராவுல இருக்கும்லா, பாருங்க" என்றேன். வங்கியின் கேமரா நாலு மாதமாக வேலை செய்யவில்லையாம். திருடன் கொண்டுவந்தது மட்டும் நன்றாக வேலை செய்திருக்கிறது. பிறகு, பணம் எடுத்த நேரத்தில் நான் கோவில்பட்டியில் இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார். "உங்க முன்னாலதான சார் நின்னேன்!" என்றேன். "நான் சொன்னா செல்லாது அண்ணாச்சி, பேப்பர் வேணும்" என்றார். டோக்கனைக் கொடுத்தேன். அதில் தேதி அச்சாகவில்லை. போலீஸ் ஸ்டேஷனில், களவு நடந்த ஊரில் போய் எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். அந்த ஊருக்கு ரயில் ஏறினால் மூன்று நாளாகுமாம்.

வேலையில் இருக்கிற மாப்பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று தங்களுக்குச் சொல்லாமல் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. "பின் நம்பர் சரியாக இருந்தபடியால் பணத்தைத் தாங்களே எடுத்ததாகக் கருதப்படுகிறது. இனிமேலாவது கார்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்." கீழே இனிஷியலோடு கையெழுத்து, மணிகண்டபிரபு, கார்டு புகார்ப் பிரிவு. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். "இந்தப் பேருல ஆயிரம் பேரு இருப்பாவ" என்றாள். இனிஷியலும் சரியாக இருந்தபடியால் தாங்களே போட்டதாக நான் கருதுகிறேன்.

செல்வமாரிக்குப் போன் போட்டேன். "யப்பா, அவிய எதையும் வாசிக்கிறதே இல்ல. ஒரு நாளைக்கு முந்நூறு லெட்டரு. கம்ப்யூட்டரே கையெழுத்து போட்டுரும்" என்றாள். எடுத்ததும் கம்ப்யூட்டர், இல்லை என்றதும் கம்ப்யூட்டர். நடுவிலே மனுஷன் என்று நான் ஒருத்தன்தான் இருந்திருக்கிறேன். மேலிடத்துக்கு எழுதினால் தங்கள் பதவி உயர்வுக்கு இடைஞ்சல் வரும் என்று பிள்ளை அழுதாள். பெற்ற மகள் அழும்போது என்ன செய்ய? ஆகவே, கரிசல் குடிச்ச தண்ணீ மாதிரி நாற்பதாயிரமும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். தங்கள் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இனி இந்தப் பேச்சை எடுக்க மாட்டோம்.

எந்தத் திருடன் கண்ணிலும் படாமல், கேட்ட இடத்தில் கேட்டது கிடைத்து, இருவரும் நூறு வயது வாழ ஆசீர்வதிக்கும்,

மாமன்
சாமித்துரை

பின்குறிப்பு: எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "விட்டுட்டேன்னு யாரைக் கேட்டு எழுதுனீய?" என்றாள். நேற்று நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டு டீச்சர் எழுதிக்கொடுக்க, வங்கிகளுக்கெல்லாம் மேலே இருக்கிற குறைதீர்ப்பு அதிகாரிக்கு இவள் புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டாளாம். ரசீதைக் காட்டினாள். 'யார் மீது புகார்' என்ற இடத்தில் தங்கள் பெயரையும் பிரிவையும் எழுதச் சொன்னாளாம். "ஏட்டி, மாப்ளைக்கில்லா கேடு!" என்றேன். "மாப்ள என்னைக்கும் நம்ம மாப்ளதான். பொங்கலுக்கு வரட்டும், கோழி அடிச்சு வைக்கேன். கையெழுத்து போட்ட ஆபீசரு பதில் சொல்லட்டும்" என்றாள்.