அமினோ அமிலம் இல்லாத நகம்

நகம் கடிக்கும் பழக்கத்தைவிட மோசமானது நகம் கேட்கும் பழக்கம். எம்.எஸ்சி. கடைசி வருடத்தில் எனக்கு அது முற்றியிருந்தது.

மனித நகத்தில் எந்த அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் என் ப்ராஜெக்ட். பத்துப் பேரின் நகம் வேண்டும். ஒன்பது சேர்ந்துவிட்டது (செங்கல்பட்டு ஹாஸ்டலில் என்னைக் கண்டாலே எல்லோரும் கைகட்டி நின்றார்கள், மரியாதையால் அல்ல). அடுத்த வியாழக்கிழமை வைவா. பத்தாவது கிடைக்காவிட்டால் ஆறு மாதம் வீண். நகவெட்டியோடு திருக்கழுக்குன்றத்து அத்தை வீட்டுக்கு ஓடினேன்.

“இன்னாடி இது? வெள்ளிக்கிழமையும் அதுவுமா நகம் வெட்ட வந்துகீற?” என்று அத்தை நகவெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அழுகையே வந்துவிட்டது. சிறுசேரியில் வேலை பார்க்கும் அத்தை மகள் ரேவதி கண்ணடித்து, உள்ளே போய், ஒரு பொட்டலத்தோடு வந்தாள். பளபளவென்று நகத் துண்டுகள். தெய்வமே என்று கட்டிக்கொண்டேன்.

நகத்தை அமிலத்தில் போட்டு ஒரு நாள் சூடாக்கினால் கரைந்துவிடும். ஒன்பதும் கரைந்தன. ரேவதியுடையது சுருண்டு மிதந்தது. தூசு என்று வடிகட்டி எறிந்தேன் (மேதை!). மெஷினில் மூன்று முறை ஓட்டியும் அமினோ அமிலம் பூஜ்யம். பதறிப்போய் அத்தைக்குப் போன் செய்து, ரேவதிக்குத் தினமும் இரண்டு முட்டை கொடுக்கச் சொன்னேன்.

வைவாவில், “இது அபூர்வமான நோய் சார்” என்று முழங்கினேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். “நகமே புரதம்தானேம்மா? பூஜ்யம் எப்படி வரும்? அந்தப் பொண்ணுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல.”

“ரேவதி, அந்த நகம் உன்னோடதுதானே?”

“என்னோடதுதான். மாமல்லபுரத்துல பிரெண்டு கல்யாணத்துக்குக் காசு குடுத்து வாங்கி ஒட்டிகினேன். வெள்ளிக்கிழமை வெட்டக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்கல்ல? அதான் கழட்டி வச்சு வெட்டுனேன். இன்னாத்துக்குக் கேக்குற? ஏய்... எங்கம்மா அஞ்சு நாளா முட்டையா அவிச்சுப் போட்டுகினு கீறாங்களே, உன் வேலைதானா?”

தேர்வாளர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஒரு வாரம் அவகாசமும் கொடுத்தார். புதன்கிழமை ரேவதி சொந்த நகத்தை வெட்டித் தந்தாள். அது சமத்தாகக் கரைந்தது, நானும் தேறினேன்.

இன்றைக்கும் அத்தை வீட்டில் என் இலையில் மட்டும் இரண்டு அவித்த முட்டை வந்து விழும். “தின்னுடி, நீ எழுதிக் குடுத்த மருந்துதான்” என்பார் அத்தை. எதிரே ரேவதி, புது நகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் தண்ணீர் டம்ளர் பக்கத்தில் அடுக்கிவிட்டுச் சோற்றைப் பிசைவாள்.