சூட்டுக் கணக்கு

அளந்து வாங்குகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பார்த்தால் தெரியாது, நம்மைப் போலத்தான் இருப்பார்கள். கைப்பையைத் திறந்தால் தெரியும்: சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, கசங்கிய ரசீது, ஓர் அளவு டேப்.

மற்றவர்கள் ஏசி வாங்க வேண்டும் என்று காலையில் கிளம்பினால் மாலைக்குள் ஒன்று வீட்டுக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டில் என்ன இருக்கிறதோ அதுவே, கொஞ்சம் பெரிதாக. இவர்கள் கிளம்பவே மாட்டார்கள். முதலில் சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள். எந்தச் சுவரில் எத்தனை மணி வரை வெயில் நிற்கிறது, கூரைக்கு மேல் மாடி இருக்கிறதா வானம் இருக்கிறதா, சன்னல் கண்ணாடி எத்தனை சதுர அடி, கதவுக்கு அடியில் எத்தனை விரல் இடுக்கு என்று ஒரு வாரம் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, பிறகு ஒரு தாளில் கட்டம் போட்டு உட்காருவார்கள். அதற்குள் கோடை பாதி போயிருக்கும். போகட்டுமே. கணக்கு சரியாக இருக்குமல்லவா?

இவர்களிடம் போய் "ரொம்பச் சூடா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். "எத்தனை டிகிரி?" என்பார்கள். ஒரு சின்னக் கெட்டில் வாங்குவதற்குக்கூடச் சொந்தக்காரர்கள் இவர்களுக்குத்தான் போன் போடுவார்கள்; அரை மணி நேரம் கேட்டுக்கொள்வார்கள்; பிறகு தங்களுக்குப் பிடித்த நிறத்தில் ஒன்றை வாங்கிக்கொள்வார்கள்.

இந்த இனத்தில் தேறிய ஒருத்தியைப் பார்ப்போம். மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளுக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வது அவள் தொழில். வேலை பார்க்கும் ஊரில் தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சனிக்கிழமைகளில் ரயிலேறி அம்மா வீட்டுக்கு வருவாள்.

அவளுடைய அப்பா நேர் எதிர் இனம். "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" இனம். படுக்கையறைச் சன்னலில் அவர் மாட்டிய ஏசிக்குப் பதினெட்டு வயது. போட்டால் வீடே லாரியில் போவது போல அதிரும். செருப்புப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, மடித்து, இடது பக்கம் செருகி வைத்திருந்தார். எந்த அளவுக்குச் செருகினால் அதிர்வு அடங்கும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இதை மாற்றச் சொல்லி மகள் ஆறு வருடம் வாதாடினாள்.

"கரண்ட்டை எப்படிக் குடிக்குது பாருங்கப்பா."

"குடிக்கட்டும்மா. வயசாயிடுச்சு. நாக்கு வறளும்ல?"

மூன்று மாதம் முன்பு அப்பா இறந்துபோனார். அவரைக் கிடத்தியிருந்த குளிர்ப்பெட்டியைச் சுற்றி எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது, பெட்டி கொண்டுவந்தவரைத் தனியாக அழைத்து, "இதுல கேஸ் குறைவா இருக்கு, கம்ப்ரஸர் நிக்காம ஓடுது" என்று சொன்னவள் அவள். சரியாகத்தான் சொன்னாள். இந்த இனம் அப்படித்தான் அழும்.

அன்று முதல் அம்மா கட்டிலில் படுக்கவில்லை. படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் மூன்று பேர் உட்காரும் சோபாவில் காலை மடக்கிப் படுத்தாள். ஒரு மாதத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டாம் மாதம் கழுத்து. எழுந்து நிற்பதற்கே சுவர் தேவைப்பட்டது.

"உள்ளே போய்ப் படேம்மா."

"வேகுதுடி. அந்த மெஷின் செத்துப்போச்சு."

வேறு யாராவது என்றால் அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பார்கள். மகள் மேற்குச் சுவரைப் பார்த்தாள். புகார் வந்துவிட்டது: அறை சூடாக இருக்கிறது, எந்திரம் பழுது. எப்படியாவது அம்மாவை அந்தக் கட்டிலுக்குத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். டேப்பை எடுத்தாள்.

இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. தாள் தயார். மேற்குச் சுவர் வழியாக வரும் சூடு 1140 வாட். மற்ற மூன்று சுவர்கள் 450. கூரை 980. சன்னல் 510. விளக்கும் மின்விசிறியும் 90. கதவிடுக்குக் காற்று 160. ஆள் எண்ணிக்கை இரண்டு, ஆளுக்கு 120, ஆக 240. (மனிதர்களும் சூடுதான். சும்மா படுத்திருந்தாலும் ஒருவர் ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குச் சூடு தருகிறார்.) மொத்தம் 3570. ஒரு டன் ஏசி தாங்குவது 3500 வரைதான். எழுபது வாட் தாண்டுகிறது. எனவே, ஒன்றரை டன்.

கடைக்காரர் பாவம், "ரூம் சைஸ் பத்துக்குப் பன்னிரண்டா மேடம்?" என்றுதான் ஆரம்பித்தார்.

"வெயில் எந்தப் பக்கம்னு கேட்கமாட்டீங்களா?"

"வெயிலா மேடம்?"

"கதவிடுக்கு?"

கடைக்காரர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி தாளை வாங்கிப் பார்த்து, அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை காலை பெட்டி வந்தது. கூடவே மெக்கானிக்கும் வந்தார், காதில் பேனா செருகிக்கொண்டு. பழைய ஏசியைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார்.

"கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுப் பார்த்துடுவேன் மேடம். அது ஒரு பழக்கம்" என்று சுவிட்சைத் தட்டினார்.

எந்திரம் இருமியது. உலுக்கிக்கொண்டது. பிறகு வீடே லாரியில் கிளம்பியது. மெக்கானிக் அதன் முன்னால் கையை நீட்டினார்.

"ஜில்லுனு வருதே! யாரு செத்துப்போச்சுன்னது? இன்னும் ஒரு வருஷம் ஓடும்."

மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, நீ போட்டே பார்க்கலையா?"

"நீ பார்த்தியா?"

பார்க்கவில்லை. சுவரைத் தொட்டாள், கூரையை அளந்தாள், இடுக்கில் ஸ்கேலை விட்டுப் பார்த்தாள். அந்தச் சுவிட்சை மட்டும் தொடவில்லை. கேட்டால் தகுந்த காரணம் சொல்வாள்: பதினெட்டு வருட எந்திரம், எப்படியும் மாற்ற வேண்டியது.

அம்மா வாசற்படியிலேயே நின்றாள். அறைக்குள் வரவில்லை. எந்திரத்தின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"உங்கப்பா விடற குறட்டைக்குப் பக்கத்துல மனுஷங்க தூங்க முடியுமா? இந்தச் சத்தம் இருந்ததாலதான் பதினெட்டு வருஷம் தூங்கினேன். இப்போ போட்டா இது மட்டும் கத்துது. இதுக்கு அடியில ஒண்ணுமே இல்லைடி."

மெக்கானிக் தானாகவே சுவிட்சை அணைத்தார். ஏதாவது செய்ய வேண்டுமே என்று, கட்டில் மேல் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தார்.

"கணக்கு கச்சிதமா இருக்கு மேடம். நான் இதுவரைக்கும் இப்படி ஒரு தாளே பார்த்ததில்லை. அம்மா ஒருத்தர். இன்னொருத்தர் யாரு?"

மகள் தாளை வாங்கினாள். அவள் கையெழுத்துதான். மூன்று முறை சரிபார்த்ததற்கு அடையாளமாக ஓரத்தில் மூன்று டிக். இந்த இனத்தின் கணக்கில் பிழை வந்தால் முதலில் பேனாவைச் சந்தேகிப்பார்கள், பிறகு தாளை, பிறகு சூரியனை. அவள் எதையும் சந்தேகிக்கவில்லை. ஆள் எண்ணிக்கையில் இருந்த அந்த இரண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர்தான்னா ஒரு டன்னே போதும் மேடம். இது பெரிசு. சட்டுனு குளிர்ந்து நின்னுடும், ஈரம் போகாது, போர்வையெல்லாம் நமுத்துப்போகும். பெட்டியைப் பிரிக்கலை, கடையில மாத்திக் குடுப்பாங்க. அந்த ரெண்டை ஒண்ணாக்கிட்டு மறுபடி கூட்டிப் பாருங்க."

காதிலிருந்த பேனாவை நீட்டினார். அவள் வாங்கினாள். இரண்டின் மேல் முனையை வைத்தாள். ஒரு கோடு போட்டால் போதும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் கோடு.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கணக்கு சரிதான். ரெண்டாவது ஆள் நான். பிரிங்க பெட்டியை."

"ஆபீஸ்?" என்றாள் அம்மா.

"ரயில் இருக்குல்ல."

"ஒரு மணி நேரம் ஆகும்டி."

"ஐம்பத்திரண்டு நிமிஷம்."

"நீ குறட்டை விடுவியே."

"தெரியாது. அளந்ததில்லை."

"விடுவே. சின்ன வயசுலேயே விடுவே. அப்படியே அவர் மாதிரி." அம்மா மெக்கானிக்கிடம் திரும்பினாள். "தம்பி, புதுசுல சத்தம் வருமா?"

"துளிகூட வராதும்மா."

"சரி, இருக்கட்டும். இவ இருக்கா."

சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போய், சோபாவிலிருந்த தலையணையை எடுத்துவந்து, மூன்று மாதம் கழித்து அந்த வாசற்படியைத் தாண்டி, கட்டிலின் மேல் போட்டாள். பழைய ஏசியைச் சன்னலிலிருந்து இழுத்தபோது மடித்த அட்டை கீழே விழுந்தது. மகள் குனிந்து எடுத்தாள். டேப்பை வைத்துப் பார்த்தாள். நான்கு மடிப்பு, ஒன்பது மில்லிமீட்டர். கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பிழையைக் கண்ட பிறகு தாளைத் திருத்தாமல் வீட்டைத் திருத்துவது இந்த நோயின் முற்றிய நிலை. மருந்து கிடையாது.

உங்களுக்கு இதெல்லாம் இல்லை. உங்கள் பையில் டேப் இல்லை, நல்லது. ஆனால் மேலே ஒரு பத்தியில் வரிசையாகச் சில எண்களும் கடைசியில் ஒரு மொத்தமும் வந்ததே, அந்த இடத்தில் கொஞ்சம் நின்று, யாருக்கும் தெரியாமல் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தீர்களா? இல்லையென்றால் பிழைத்தீர்கள். பார்த்திருந்தால், விடை சரியாகத்தான் வந்திருக்கும், உங்கள் ஆட்களுக்கு எப்போதும் சரியாகத்தான் வரும். வீட்டில் இருக்கும் உங்கள் தாளை எடுத்து, ஆள் எண்ணிக்கையை மட்டும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.