விலை போடாத விலைப்பட்டியல்

விருதுநகர் மாவட்டத்திலேயே, சரக்கின் குறையை வாங்குபவரிடம் சொல்லிவிட்டு அதற்கு விற்பவரிடமே கூலி வாங்கிய ஒரே ஆள் எங்கள் விளக்கம் அண்ணாச்சிதான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் திருத்தங்கல் ஆப்செட் பிரஸ் ஒன்றில் நான் அச்சுக்குப் போகும் பக்கங்களின் பிலிமை வெட்டி ஒட்டுகிறவன், அவர் புரூப் பார்ப்பவர். பட்டாசுக் கம்பெனிகளுக்கு விளம்பர வாசகமும் எழுதுவார். 'தரமே எங்கள் உயிர்' என்று யாராவது கேட்டு வந்தால் போதும், அவருக்கு எங்கிருந்துதான் கோபம் வருமோ!

"அத ஊர்ல எல்லாவனும் போடுறான். ஒங்களுக்கு என்ன தெரியும்? அதச் சொல்லுங்க."

ஒரு கல்யாணப் பத்திரிகையில், 'மின்விசிறிக் காற்று மூன்றாம் வரிசையோடு சரி, முந்தி வருவது நலம்' என்று சேர்த்துவிட்டார். ஊரே முந்தி வந்து உட்கார்ந்துவிட்டது; மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது வெயில் விழும் ஓரம்தான் மிச்சம் இருந்தது.

ஒரு நாள் தாயில்பட்டியிலிருந்து ஒரு முதலாளி விலைப்பட்டியல் அடிக்க வந்தார். நிலத்தை விற்று ஆரம்பித்த புதுக் கம்பெனி. அந்த சீசனில் வெளியூர் வியாபாரிகளின் ஆர்டர் வராவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான். அண்ணாச்சி கம்பெனிக்கே போய், வேலை பார்க்கும் பெண்களைக் கேள்வி கேட்டே ஒரு நாளை ஓட்டிவிட்டு வந்து எழுதினார்: 'சரக்கைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், ஈரம் ஏறும். தரைச்சக்கரம் சிமெண்ட் தரையில்தான் சுற்றும். மண் தெருக்காரர்களுக்கு விற்காதீர்கள்.'

ஒரு பக்கம் இந்தக் கட்டுரை, மறுபக்கம் விலை. புரூப்பைப் பார்த்த முதலாளி போனில் என்னிடம் அலறினார்.

"என் சரக்க விக்காதீகன்னு நானே சொல்லணுமா? கட்டுரையத் தூக்கிட்டு முருகன் படத்தப் போடுங்கய்யா!"

மனம் நொந்த அண்ணாச்சி அரை நாள் லீவு போட்டுவிட்டார். எனக்கோ நல்ல பசி. பிலிமில் எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும். கட்டுரைக்குப் பதிலாக விலையைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் முருகனை உட்கார வைத்துவிட்டேன். தாளை மடித்த பெண்கள் முருகனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களே தவிர, ஒருவரும் விரித்துப் படிக்கவில்லை. மொத்தமும் தபாலில் போய்விட்டது.

நாலாம் நாள் தாயில்பட்டி முதலாளி ஒரு தாளை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"விலை எங்கய்யா? எவன் பாத்த வேலை இது?"

இப்படிப்பட்ட தப்புக்கு எங்கள் பிரஸ்ஸில் அன்றைக்கே சீட்டுக் கிழியும். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"நாந்தான் மொதலாளி. விலை தெரியணும்னா போன் போடுவாக. போட்டா நாம ரெண்டு வார்த்த பேசலாம்ல?"

"ஆர்டர் வரலைன்னா ஒங்களத்தான் மண்ணுல சுத்த விடுவேன்!"

போன் வந்தது. விலை கேட்கத்தான் கூப்பிட்டார்கள், ஆனால் விலையோடு விடவில்லை. "எங்க ஊரு பூராவும் மண் தெரு. அப்ப நான் எதைய வாங்கட்டும்?" என்று ஒருவர். "குறையச் சொல்ற கம்பெனிய இப்பத்தான் பாக்கேன், லோடு அனுப்புங்க" என்று இன்னொருவர். தெரிந்ததையெல்லாம் சொல்லிச் சொல்லி முதலாளிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆயுத பூஜைக்குள் குடோன் காலி. கம்பெனி பிழைத்தது.

ஜரிகைத் துண்டோடு வந்து அண்ணாச்சிக்குப் போர்த்தினார் முதலாளி.

"அடுத்த வருசமும் விலையே வேண்டாம் அண்ணாச்சி. கட்டுரை மட்டும் போதும். விலையத் தூக்கணும்னு தோணுச்சே, என்ன மூளை!"

அண்ணாச்சி துண்டை எடுத்து என் தோளில் போட்டார்.

"அந்த மூளை இவருது மொதலாளி. நான் அன்னைக்கு லீவு."

வசவுக்குத் தன்னைக் காட்டியவர், மரியாதைக்கு என்னைக் காட்டினார். அந்தத் துண்டில் தலை துவட்டிவிட்டாள் என்று என் மனைவியோடு நான் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன்.