ஐம்பத்தாறு டிகிரி ஆப்பு

என் வாழ்க்கையின் பெரிய தீர்மானங்கள் எல்லாமே குளியலறையில் எடுத்தவை. எங்கள் வீட்டில் நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிகிற ஒரே அறை அதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அங்கேதான் நின்றேன். காதுக்குள்ளிருந்து மணலைக் கழுவிக்கொண்டே முடிவு செய்தேன். எப்பாடு பட்டாவது ஒரு ஆப்பு வாங்கிவிடுவது.

பதற வேண்டாம். கோல்ஃப் ஆட்டத்தில் வெட்ஜ் என்று ஒரு மட்டை உண்டு. வெட்ஜ் என்றால் ஆப்பு. மைதானத்தில் அங்கங்கே மணல்குழி வெட்டி வைத்திருப்பார்கள். பந்து அதில் விழுந்தால் இந்த மட்டையால்தான் அள்ளி வெளியே போட வேண்டும். என்னிடம் இருந்தது ஊரை விட்டுப் போன ஒருவர் தள்ளிவிட்டுப் போன பழைய செட். அதில் ஆப்பு இல்லை. மற்றபடி எல்லாத் துருவும் இருந்தது.

நான் ஒரு பெயிண்ட் கம்பெனியில் விற்பனைப் பிரிவுத் துணை மேலாளர். எங்கள் ஜி.எம். ஞாயிறுதோறும் நண்பர்களோடு கோல்ஃப் ஆடுவார். நாலாவது நண்பருக்கு முழங்கால் போனதும் என்னைக் கூப்பிட்டு, கோல்ஃப் தெரியுமா என்று கேட்டார். தெரியும் சார் என்றேன். பொய் இல்லை. டி.வி.யில் பார்த்திருக்கிறேன்.

பந்தைத் தள்ள வேண்டிய ஒவ்வொரு துளையிலும் ஒரு கொடி நட்டிருக்கும். கடைசிக் கொடிக்குப் பக்கத்தில் ஒரு மணல்குழி. என் பந்துக்கு அந்தக் குழிமேல் அப்படி ஒரு பாசம். எங்கே அடித்தாலும் அங்கேதான் போய்ப் படுக்கும். அந்த ஞாயிறும் போய்ப் படுத்தது. நான் இறங்கினேன். அடித்தேன். மணல் வெளியே போனது, பந்து போகவில்லை. இன்னொரு முறை அடித்தேன். இப்போது என் தொப்பி வெளியே போனது. மற்ற மூவரும் ஆட்டத்தை முடித்து, மரத்தடியில் உட்கார்ந்து காபி குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டார்கள். கடைசியில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி வந்தேன்.

ஜி.எம். திட்டவில்லை. அவர் திட்டினால் பிழைத்துப் போகலாம். மெதுவாகத்தான் சொன்னார். புதுக் கிளை ஒன்று திறக்கப் போகிறோம், அதற்குத் தலைமையாக ஒருவரை அனுப்ப வேண்டும், சிக்கலில் மாட்டினால் தானாக வெளியே வரத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு என் சட்டைப் பையில் இருந்த மணலைப் பார்த்தார். அந்தப் பதவிக்காக நான் எத்தனையோ நாளாகக் காத்திருந்தேன். அது என் கண் முன்னாலேயே குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் தம்பதியர் போட்டி இருந்தது. அதில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஜி.எம். பார்க்க மணலைத் தாண்டிவிட்டால் போதும். ஆப்பு வாங்கியாக வேண்டும்.

தடை வீட்டில் இருந்தது. என் மனைவி கட்டுமானக் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே வருகிற மணல், ஜல்லி எல்லாவற்றையும் அவள் சலித்து, ஊறவைத்து, உலர்த்தி, சரி என்று சொன்னால்தான் லாரி உள்ளே போகும். அவளைக் கண்டால் லாரிக்காரர்கள் சிகரெட்டைக் கீழே போடுவார்கள். நானும் கல்யாணமான நாளிலிருந்து அந்த வரிசையில்தான் நிற்கிறேன். இன்னும் பாஸ் ஆகவில்லை.

செட் வந்தது, பொறுத்துக்கொண்டாள். பிறகு ஷூ வந்தது. ஒரே ஒரு கைக்கு மட்டும் உறை வந்தபோது, இன்னொரு கை என்ன பாவம் பண்ணிச்சு என்று கேட்டாள். பெரிய குடை வந்த அன்று சட்டம் போட்டாள். இனிமேல் கோல்ஃப் சாமான் எதுவும் வாசல் தாண்டி வரக் கூடாது.

இருந்தாலும் சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தேன்.

"அடுத்த மாசம் நாம ஆடப்போற தம்பதியர் போட்டிக்கு ஒரு வெட்ஜ் வாங்கலாம்னு இருக்கேன்."

"வெஜ்ஜா? ஃப்ரிட்ஜ் முழுக்க அதுதானே இருக்கு."

"வெஜ் இல்லம்மா, வெட்ஜ். மணல்ல இருந்து பந்தை எடுக்கற மட்டை. ஐம்பத்தாறு டிகிரி."

"ஏற்கெனவே நீங்க வாங்கின ஒரு டிகிரியே ஹால்ல சும்மாதான் தொங்குது."

பேச்சு அதோடு முடிந்தது. நான் மறுபடி குளியலறைக்குப் போனேன்.

அங்கேதான் அந்த யோசனை உதித்தது. அடுத்த வாரம் அவள் பிறந்தநாள். கோல்ஃப் சாமானுக்குத் தடை உண்டு, பிறந்தநாள் பரிசுக்குத் தடை கிடையாது. ஆப்பை அவளுக்கே பரிசாகக் கொடுப்பது. அவள் ஒரு புன்னகை செய்து மூலையில் சாத்தி வைப்பாள். சில நாள் கழித்து, சும்மாதானே கிடக்குது என்று நான் எடுத்துக்கொள்வது. பெயிண்ட் விற்கக்கூட என் மூளை இவ்வளவு அழகாக வேலை செய்ததில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே தலையை ஆட்டிக்கொண்டேன்.

கடைக்காரர் வெட்ஜ்களை வரிசையாக எடுத்து வைத்தார். எல்லாமே கன்னத்தில் அறை வாங்கிய கரண்டி மாதிரி இருந்தன. டிகிரி என்றால் மட்டையின் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது, சாய்வு கூடக் கூட பந்து உயரமாக எழும்பும் என்று சொல்லிக் கொடுத்தார். அது புரிந்தது. அடுத்து, பவுன்ஸ் அதிகம் வேண்டுமா கம்மியா என்று கேட்டார். பவுன்ஸ் என்ற சொல்லை நான் பாங்கில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். பவுன்ஸே ஆகாததாகக் கொடுங்கள் என்றேன்.

அவர் பொறுமைசாலி. மட்டையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். அடி தடித்துப் புடைத்திருந்தால் மணலில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். மெலிதாக இருந்தால் உள்ளே இறங்கும். இரண்டும் தேவைதான், மணலைப் பொறுத்தது என்றார். உங்கள் மைதானத்தில் மணல் எப்படி என்று கேட்டார்.

"மணல் மாதிரிதான் இருக்கும்" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, இருந்ததிலேயே அடி தடித்ததை எடுத்துக் கொடுத்தார்.

பிறந்தநாள் காலையில் பளபளப்புத் தாள் சுற்றி நீட்டினேன். கோல்ஃப் மட்டைக்கு எத்தனை தாள் சுற்றினாலும் அது கோல்ஃப் மட்டை மாதிரியேதான் இருக்கும். பிரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தம்பதியர் சேர்ந்து விளையாடினால் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்று ஒரு சொற்பொழிவு தயாரித்து வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"எனக்கா?"

"உனக்குத்தான்."

"நிஜமா எனக்கேதானா?"

"சத்தியமா."

சிரித்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தூசு தும்பு இல்லாத சுத்தமான மணல் மேடம் என்று லாரிக்காரர்கள் சத்தியம் செய்யும்போதும் அவள் இப்படித்தான் சிரிப்பாளாம்.

மட்டை கதவுக்குப் பின்னால் போயிற்று. திட்டப்படி நடக்கிறது என்று நிம்மதியாக ஆபீசுக்குப் போனேன். இரண்டொரு நாளில் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் மட்டையைக் காணோம். சாயங்காலம் அவளாகவே விஷயத்தைச் சொன்னாள். வேலைக்குப் போகிற வழியில் மைதானத்துக்குப் போயிருக்கிறாள். தம்பதியர் போட்டியில் ஆடப் போகிறவள் என்று சொல்லி அனுமதி கேட்டு, அந்தக் கடைசி மணல்குழியிலிருந்து ஒரு பை மணல் எடுத்து வந்து பரிசோதனைக் கூடத்தில் சலித்துப் பார்த்திருக்கிறாள்.

"மேலே இரண்டு விரல் கனத்துக்குத்தான் மணல். கீழே ரோடு மாதிரி கெட்டிப் போயிருக்கு. இதுல போய் இந்தத் தடிச்ச அடி மட்டையால அடிச்சா, அது தரையில பட்டு எகிறி பந்தோட தலையில அடிக்கும். பந்து வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழும். அதான் கடையில மாத்திட்டு வந்துட்டேன். அடி மெலிசானது."

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஒரு பைசா திட்டு வாங்காமல், வீட்டு அனுமதியோடு, நிபுணர் தேர்ந்தெடுத்த ஆப்பு. எங்கே, காட்டு என்றேன். கொண்டு வந்து கையில் கொடுத்தாள். கீழே ஊன்றினேன். என் உயரத்துக்கு அது முழங்காலைக் கொஞ்சம் தாண்டித்தான் நின்றது. தன் உயரத்துக்குத் தகுந்தபடி தண்டை வெட்டச் சொல்லி, தன் கைக்கு அடங்குகிற மாதிரி பிடியையும் சன்னமாக்கி வாங்கி வந்திருந்தாள்.

"ஏன் அப்படிப் பார்க்கறீங்க? எனக்குத்தானே வாங்கினீங்க?"

ஆமாம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

ஒருநாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அதை எடுத்து ஹாலில் வீசிப் பார்த்தேன். சோபாவுக்கு அடியில் சில்லறை தேடுகிறவன் மாதிரி குனிய வேண்டியிருந்தது. குனிந்தேன். வீசினேன். நிமிர முடியவில்லை. அவள் திரும்பி வந்தபோதும் நான் அதே நிலையில்தான் இருந்தேன். முதுகுக்குத் தைலம் தடவிவிட்டு, மட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

போட்டி நாள் வந்தது. தம்பதியருக்கு ஒரே பந்து. ஒருவர் அடித்தால் அடுத்த அடி மற்றவர் அடிக்க வேண்டும். அதாவது நான் செய்கிற பாவத்துக்கு எல்லாம் அவள்தான் பரிகாரம் செய்ய வேண்டும். எங்களுக்கு எதிராக ஆடியது ஜி.எம்.மும் அவர் மனைவியும்.

என்ன மாயமோ, கடைசிக் கொடிவரை இரு ஜோடியும் சமமாக வந்துவிட்டோம். மாயம் ஒன்றும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் அவள் தன் பரிசோதனைக் கூடத்து மணல் குவியலில் பழகியிருக்கிறாள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

கடைசி இடத்தில் என் முறை. மூச்சை இழுத்துப் பிடித்து அடித்தேன். பந்து நேராகத்தான் கிளம்பியது. பாதி வழியில் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி திரும்பி, தன் சொந்தக் குழிக்குள் இறங்கிவிட்டது. ஜி.எம். என்னைப் பார்த்தார். கிளைக்கு வேறு ஒருவர் பெயரைப் போட்டுவிட்டவர் பார்க்கிற பார்வை அது.

என் மனைவி குழிக்குள் இறங்கினாள். பந்துக்குப் பக்கத்தில் காலைப் பதித்து நின்றாள். மட்டையின் முகத்தைக் கொஞ்சம் திருப்பினாள். யாரையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. பந்துக்குச் சற்றுப் பின்னால் மணலில் ஒரே இழுப்பு. சல்லடையில் மாவு பறக்கிற மாதிரி கொஞ்சம் மணல் எழும்பியது. அதன் நடுவிலிருந்து பந்து மதில் தாண்டும் பூனை மாதிரி சத்தமில்லாமல் வெளியே வந்து, உருண்டு, கொடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

ஜி.எம். தொப்பியைக் கழற்றினார்.

அந்த ஒரு சாணை நான் தட்டிவிட வேண்டும். அவள் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கண்ணைத் திறந்துட்டு அடிங்க" என்றாள். திறந்தேன். தட்டினேன். பந்து விழுந்தது. ஜெயித்துவிட்டோம்.

எல்லோரும் வந்து அவளுக்குக் கை கொடுத்தார்கள். என் கையில் யாரோ ஒரு குடையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஜி.எம். அவளைத் தனியாக உட்கார வைத்து, அந்த மணலுக்கு என்ன கேடு, எந்த மணல் போட்டால் சரியாகும் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு நீண்டுகொண்டே போனது. நான் இரண்டு முறை பக்கத்தில் போனேன். முதல் தடவை காபி வேண்டும் என்றார்கள். இரண்டாவது தடவை சர்க்கரை.

திங்கட்கிழமை ஜி.எம். கூப்பிட்டு அனுப்பினார். கிளை உங்களுக்குத்தான் என்றார். நான் நாற்காலியில் உட்காரவில்லை, அதற்கு மேலே மிதந்தேன்.

"அந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம். அதனால கிளைக்கு செவ்வாய் லீவு" என்றார்.

நாற்காலியில் இறங்கினேன். "அப்ப நம்ம ஞாயிறு ஆட்டம் சார்?"

"அதுக்கு நாலாவது ஆள் கிடைச்சாச்சு. உங்க வீட்டம்மா வர்றாங்க."

எனக்கும் ரோஷம் உண்டு. முதுகை நிமிர்த்திக்கொண்டு, இது பெரிய பொறுப்பு, நான் நிதானமாக யோசித்துத்தான் முடிவு சொல்ல முடியும், ஒரு நாள் அவகாசம் வேண்டும் என்று கம்பீரமாகச் சொன்னேன்.

ஜி.எம். ஆச்சரியமாகப் பார்த்தார்.

"யோசிக்கணுமா? நேத்தே நீங்க சம்மதிச்சுட்டீங்கன்னு அவங்க சொன்னாங்களே."