தயிர்ச்சட்டியின் நல்ல பூச்சிகள்

ரங்கூனிலேயே தாங்க முடியாத மனிதர் யாரென்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: தயிர்ச்சட்டி. பெற்றோர் வைத்த பெயர் எங்கள் ஆபீசில் யாருக்கும் தேவைப்படவில்லை.

ரங்கூன் நடுவே கியாக்டடா பேட்டையில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸ். அவர் குமாஸ்தா, நான் டைப்பிஸ்ட். இன்சீனிலிருந்து தினமும் ரயிலில், மடியில் மண்சட்டி நிறையத் தயிரோடு வருவார். 'குட் மார்னிங்' சொல்லும் வழக்கமே கிடையாது. கல்யாணமாகாத பெண்ணான என் மேஜை முன்னால் நின்று ஆபீசே கேட்கும்படி விசாரிப்பார்:

"என்னம்மா, காலையில போச்சா?"

முதல் நாள் நான் ரயிலைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "போயிருச்சு சார், அடுத்ததுல வந்தேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் கேட்டதோ வயிற்றை; எந்தக் குறைக்கும் அவரிடம் ஒரே காரணம்தான்:

"தலைவலியா? குடல். மறதியா? குடல். கல்யாணம் தள்ளிப் போவுதா? அதுவும் குடல்தான். என் தயிர்ல கோடிக்கணக்குல நல்ல பூச்சி இருக்கு, சாப்புடு!"

இப்படி ஊர்க் குடலைத் திருத்த வந்தவரின் முகம் மட்டும் நமுத்த அப்பளம். அவர் ஏப்பம் விட்டால் ஆற்றில் நிற்கும் கப்பல் பதில் சங்கு ஊதும்.

எங்கள் மேலாளர் ஊ தின், கொசுவைக்கூட அடிக்காத பௌத்தர். ஒருநாள் வயிறு உப்பி உட்கார்ந்திருந்தார். தயிர்ச்சட்டி கிண்ணத்தோடு பாய்ந்தார்.

"உயிருள்ள பூச்சியா? தின்றால் பாவமாச்சே!" என்று பர்மியத்தில் பதறினார் ஊ தின்.

"சாகாது சயா. உள்ள போயி குடித்தனம் நடத்தும்" என்றார் இவர், 'சயா' என்று மரியாதை வைத்து, அதே மொழியைக் கொன்றபடி.

டீயில் தவிரப் பாலே தொடாத மேலாளர், இரண்டு கிண்ணம் காலி செய்தார். அரைமணியில் மேலிடத்து அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். எழுந்து குனிந்து வணங்கிய ஊ தின், குனிந்தபடியே ஓடினார். அதிகாரிகள் பார்வையிட்டது அவருடைய காலி நாற்காலியைத்தான்.

"பூச்சிங்க வேலைய ஆரம்பிச்சிருச்சு" என்று அவர்களுக்கு விளக்கமும் சொன்னார் தயிர்ச்சட்டி.

மறுநாளே அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். நாங்கள் டீ வாங்கிக் குடித்துக் கொண்டாடினோம்.

பிறகு பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கம்பெனிகளெல்லாம் அரசாங்கத்துக்குப் போயின. பிழைப்புப் போன நம்மவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாகக் கிளம்பினார்கள். என் சித்தப்பாவை வழியனுப்பத் துறைமுகம் போனபோது, வரிசையில் தயிர்ச்சட்டியும் தன் சட்டியோடு நின்றார். தங்கம் கடத்துகிறார்களா என்று துருவித் துருவிப் பார்த்த நேரம் அது. சோதனைக்காரர் தயிருக்குள் முழங்கை வரை கையை விட்டார். இருமக்கூடப் பயந்து நின்ற வரிசையில் ஒரு குரல் அலறியது:

"ஐயோ! கையக் கழுவினியாய்யா?"

வீடும் கடையும் போன ஜனங்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சோதனைக்காரர் சிரிக்கவில்லை. சட்டியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டார். வெறுங்கையோடு கப்பல் ஏணியில் ஏறிய மனிதர், ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார்.

கப்பல் நகர்ந்தது. மேல்தட்டில் அழுகையும் கூச்சலும். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, தண்ணீரைத் தாண்டிக் கத்தினார்:

"என்னம்மா! எண்ணெப் பலகாரம் வேணாம்! வயித்தப் பாத்துக்க!"

எல்லோரும் திரும்பி என் வயிற்றைப் பார்த்தார்கள். வழக்கம்போல் மானம் போயிற்று. ஆனாலும் கப்பல் மறையும்வரை, அசைத்த கையை இறக்க எனக்கு மனம் வரவில்லை.