மாமனாரைப் பயமுறுத்திய படம்

யாரும் பார்க்காத படங்களை விரும்புகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. தான் பார்த்தால் மட்டும் அவனுக்குப் போதாது. பக்கத்தில் ஒரு ஆளைப் பிடித்து உட்கார வைத்து, திரையைப் பார்க்காமல் அந்த ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்த வியாதி கல்யாணத்துக்கு முன்பே முற்றிவிட்டது.

நான் சொல்கிற படங்கள் எங்கள் விருதுநகரில் எந்தத் தியேட்டருக்கும் வந்ததில்லை (வந்திருந்தால் ஆபரேட்டர் மட்டும் பார்த்திருப்பார், அவரும் பாதியில் டீ குடிக்கப் போயிருப்பார்). ரப்பர் தோல் போர்த்திய பூதத்தின் முதுகில் ஜிப் தெரியும். வேற்றுக்கிரகத்தின் ஓரத்தில் ஒரு மின்கம்பம் நிற்கும். ஆனால் மத்தியான வேளையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஃபேன் மெதுவாகச் சுற்ற, வீட்டில் படுத்துக்கொண்டு பார்த்தால் அவை வேறு மாதிரி. முடிந்து வெளியே வந்தால் நம் தெருவையே யாரோ கொஞ்சம் நகர்த்தி வைத்தது போல இருக்கும். பால்காரர் சைக்கிளில் வருவார். இவர் நிஜமான பால்காரர்தானா என்று ஒரு நிமிடம் தோன்றும். அந்த ஒரு நிமிட மயக்கத்துக்காகத்தான் நான் இரண்டு மணி நேரம் ஜிப்பைப் பொறுத்துக்கொள்வது.

என் மனைவி கவிதா சிவகாசிக்காரி. அவள் அப்பா, அதாவது என் மாமா, சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி நடத்துகிறார். பேச்சு மிகக் குறைவு. ஒருமுறை வீட்டுக்குள் பாம்பு வந்தபோது, "கதவத் தெறந்து விடுங்க, அதுவாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாராம்.

"எங்கப்பா பயந்து நான் பாத்ததே இல்ல" என்றாள் கவிதா, பெருமையாக.

"நான் பயமுறுத்திக் காட்டுறேன்" என்றேன். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. புது மாப்பிள்ளைக்கு வாய் நீளம்.

மாமனார் வீட்டு விருந்துக்குப் போகிற மாப்பிள்ளைகள் பழமும் ஸ்வீட்டும் கொண்டுபோவார்கள். நான் ஒரு ஹோம் தியேட்டர் கொண்டுபோனேன். அதில் தரை அதிர்கிற கனத்த சத்தங்களுக்கென்றே ஊஃபர் என்று ஒரு கறுப்புப் பெட்டி, குட்டி பீரோ அளவுக்கு. காரிலிருந்து இறக்கும்போதே எதிர்வீட்டு மதினி, "மாப்ள சீர் கொண்டாந்திருக்காகளா?" என்று வாசலுக்கு வந்துவிட்டார்.

மாமா அன்று கம்பெனிக்குப் போகவில்லை. "ஒங்களுக்காகத்தான் இருக்காக. ஒரு நாள்கூடப் போகாம இருந்ததில்ல" என்றார் அத்தை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

காலையிலேயே ரப்பர் பூதத்தை இறக்கினேன். பூதம் பச்சைப் புகையிலிருந்து எழும்பி வந்து கர்ஜித்தது. நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.

"மாப்ளே, பச்சை நல்லா வந்திருக்கு" என்றார் மாமா. "என்ன மருந்து போட்டிருப்பான்?"

அத்தை அதைவிட மோசம். "பாவம், அது எம்புட்டு நாளாப் பட்டினி கெடக்கோ. அந்த மனுசன் கையில வச்சிருக்க ரொட்டியக் குடுத்தா என்ன?"

கவிதா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். சிரிப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்லக்கூடாது, கண்ணேறு படும். ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல், சுக்கா, அதற்கு மேல் அத்தையின் "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோங்க." எழுந்து கை கழுவப் போனதே ஒரு சாதனை. கை கழுவிய கையோடு என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

அது ஒரு பனிமூட்டப் படம். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். மூட்டம் வந்து கலையும்போதெல்லாம் ஊரில் ஒரு ஆள் குறைந்திருப்பார். பாதி குடித்த டீ இருக்கும், செருப்பு இருக்கும், ஆள் இருக்கமாட்டார். அதற்குச் சற்று முன்னால் எங்கோ தூரத்தில் கனமாக ஒரு சத்தம் கேட்கும். பேய் கிடையாது, பூதம் கிடையாது, யார் கொண்டுபோகிறார்கள் என்று கடைசிவரை சொல்லவும் மாட்டார்கள். எனக்கு உயிரான படம். அதைத் தனியாகப் பார்த்த அன்று வெகுநேரம் என் செருப்பைத் தொடத் தயங்கினேன்.

ஜன்னல்களைச் சாத்தினேன். மாமா சாய்வு நாற்காலியில், அத்தையும் கவிதாவும் பாயில், நான் சோபாவில். படத்தில் எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசுவார்கள். "ஒண்ணுங் கேக்கலியே" என்றார் அத்தை. சத்தத்தைக் கூட்டினேன். மறுபடியும் கேட்கவில்லை என்றார். மறுபடியும் கூட்டினேன்.

வெள்ளை மூட்டம் திரையிலிருந்து இறங்கி அறைக்குள் பரவுவது போலிருந்தது. கடல் மெதுவாக மூச்சு விட்டது. அத்தையும் மெதுவாக மூச்சு விட்டார். மாமாவின் தலை சாய்ந்தது. ஈரல் வறுவல் என் இமைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. படத்தில் யாரோ ஒரு பெண் கரையில் நின்று யாரையோ கூப்பிட்டாள். அவள் என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தோன்றியது, வருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது அறையில் யாரும் இல்லை.

நாற்காலித் துணி இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தம்ளரில் பாதி மோர். பாய் சுருண்டு கிடந்தது. திரையில் மூட்டம் கலைந்துகொண்டிருந்தது. "கவிதா?" என்றேன். அடுக்களையில் இல்லை. பின்கட்டில் இல்லை. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது, ஆனால் எல்லோருடைய செருப்பும் வரிசையாக அப்படியே இருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. (படித்தவன்தான். பி.காம்.)

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். தெருவில் இருந்த அத்தனை மொட்டைமாடிகளிலும் ஆட்கள் நின்றார்கள். கைலியில், ஈரத்தலையில், சோறு பிசைந்த கையோடு. யாரும் பேசவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அத்தனை வருடம் தேடித்தேடிப் பார்த்த படங்களில் ஒன்றுகூட அவ்வளவு அழகாகவும் அவ்வளவு பயங்கரமாகவும் இருந்ததில்லை. வேற்றுக்கிரகக் கப்பல் ஏதும் இறங்குகிறதா என்று நானும் வானத்தைப் பார்த்தேன்.

மாடிக்கு ஓடினேன். "என்ன கவிதா?"

"வெடிச்ச சத்தம் கேக்கல ஒங்களுக்கு?" அவள் முகம் வெளுத்திருந்தது.

விருதுநகர்க்காரனுக்கு இதைச் சொன்னால்தான் தெரியும். சிவகாசியில் கனமாக ஒரு சத்தம் கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். சரவெடியும் அணுகுண்டும் அவர்களுக்குத் தாலாட்டு. தரை அதிர்கிற சத்தம் வேறு. அது கேட்டால் தூக்கத்திலும் எழுந்து மாடிக்கு ஓடி, எங்கே புகை எழும்புகிறது என்று பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டே போன் போடுவார்கள்.

"எந்தப் பக்கம் மதினி?" என்றார் அத்தை.

"இங்கன கிட்டத்துலதான் கேட்டுச்சு. பொகையே காணுமே" என்றார் எதிர்வீட்டு மதினி.

மாமா மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றார். வெயிலில் தகித்த தரையில் வெறுங்கால். காதில் போன். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. கம்பெனிக்குள் யாரும் போன் கொண்டுபோகக்கூடாது, ஆபீஸில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தான். மறுபடி அழைத்தார். கட் செய்துவிட்டு மறுபடியும் அழைத்தார்.

"இன்னைக்குன்னு பாத்து நான் போகாம இருந்துட்டனே" என்றார். யாரிடமும் சொல்லவில்லை.

பாம்புக்குப் பயப்படாதவர் பயப்படுவதைக் கடைசியில் நான் பார்த்துவிட்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மாமா படியை நோக்கி ஓடினார். அவர் முதல் படியில் கால் வைத்தபோது, எங்கள் காலுக்குக் கீழே, வீட்டின் வயிற்றுக்குள்ளிருந்து, அது மறுபடி கேட்டது.

தும்ம்ம்.

மாடி அதிர்ந்தது. தெருவே எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தது.

"ஏட்டி," என்றார் அத்தை மெதுவாக, "சத்தம் நம்ம வீட்டுக்குள்ளயில்ல கேக்கு."

கீழே ஓடிக்கொண்டிருந்த படத்தில் இரண்டாவது ஆள் காணாமல் போயிருந்தார்.

நான் கீழே இறங்கி டிவியை அணைத்த வேகத்தில் ரிமோட்டின் மூடி கழன்று எங்கோ போய்விட்டது. பூமி பிளந்தால் ஊஃபரோடு உள்ளே போய்விடத் தயாராக இருந்தேன். மாமா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்போது அவர் போன் அடித்தது. கம்பெனி போர்மேன்.

"மொதலாளி, கூப்பிட்டிருந்தீகளா? போன ஆபீசுல வச்சுட்டு உள்ள இருந்தேன். எதும் அவசரமா?"

மாமா கண்ணை மூடிக்கொண்டார். "ஒண்ணுமில்ல. மாப்ளைக்கு இங்கன விருந்து. அதான் சும்மா... எல்லாரும் சாப்பிட்டாகளா?"

"சாப்பிட்டாக மொதலாளி."

"சரி. எல்லாருமே சாப்பிட்டாகல்ல?"

போனை வைத்துவிட்டு மோர்த் தம்ளரை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "மாப்ளே, அந்தப் படத்துல காணாமப் போன ஆளுக... திரும்பி வந்தாகளா?"

வரமாட்டார்கள். அதுதான் அந்தப் படத்தின் அழகே என்று நான் நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன்.

"வந்துட்டாங்க மாமா" என்றேன். "கடைசியில எல்லாரும் வந்துருவாங்க."

மாமா தலையாட்டிவிட்டு, மிச்சமிருந்த மோரைக் குடித்தார்.

வருடங்கள் ஆகிவிட்டன. எதிர்வீட்டு மதினிக்கு நான் இன்னும் "வெடி மாப்ள"தான். ஊஃபர் அத்தையின் பூஜை அறைக்குப் பக்கத்தில் துணி போர்த்தி, மேலே ஒரு செடித்தொட்டியோடு இருக்கிறது. போன பொங்கலுக்குப் போனபோது மாமாவே அந்தப் பனிமூட்டப் படத்தைப் போடச் சொன்னார். தூங்கிவிடுவார் என்று நம்பிப் போட்டேன். தூங்கவில்லை. கடைசிக் காட்சியில் காலியான கடற்கரையை முழுக்கப் பார்த்தார். நான் சோபாவோடு சோபாவாக ஒட்டிக்கொண்டேன்.

"அன்னைக்கு வந்துட்டாகன்னு சொன்னீக" என்றார்.

"மாமா, அது வந்து..."

"அன்னைக்கு அதான் சரி" என்றார்.

இப்போதும் நாங்கள் போய் டிவியை ஆன் செய்தால், அத்தை முதலில் வாசலுக்குப் போய்த் தெருவுக்கே கேட்கும்படி அறிவிப்பார். "படந்தான்! மாப்ள படம் போடுறாக! யாரும் மாடி ஏறாதீக!"

எதிர்வீட்டிலிருந்து மதினி விடமாட்டார். "ஆளுக எல்லாரும் திரும்பி வந்துருவாகளா?"

நான் வாயைத் திறப்பதற்குள், சாய்வு நாற்காலியிலிருந்து மாமா பதில் சொல்லிவிடுவார்.

"வந்துருவாக, வந்துருவாக."